காட்சிச்சாலையும் கடவுட்டிருவுருவும்

பழம்பொருள்களைத் தொகுத்து வைத்துக் காட்டும் காட்சிச்சாலைகள் நாட்டுக்கு நன்மை பயப்பன என்பதில் ஐயமில்லை. மண்ணிற் புதைந்தும், செல்லரித்தும், கள்வர் கைப்பட்டும் அழிந்தொழியவிருந்த பொருள்கள் பல அவற்றால் நிலைபெற்றன. செப்பேடுகளும் கல்வெட்டுப் படிகளும் அங்ஙனம் காக்கப்பெறாவிடின் நம் சமய வரலாற்றில் எத்துணையோ செய்திகள் இன்னும் இருளிற் கிடக்கும். ஆயினும் அறிஞர் சிலர் இதனின் ஒருபடி மேற்சென்று, தொல்குடி மக்கள் செய்த பொருள் யாதாயினும் அது காட்சிச்சாலையை அடைதலே அதற்கு வாய்க்கும் பெரும்பேறு என்றும், அம்மக்கள் கையில் அஃது அழியும், ஈண்டோ என்றும் நிற்கும் என்றும் முடிபு கூறுகின்றனர். இம்முடிபினுள் ஒரு பிழை ஒளிந்து கிடக்கின்றது. ஒரு பொருள் அழியாது நிற்றலே அப்பொருளின் பயன் என்று கொள்ளும் பிழையே அது.

சென்னை எழும்பூரில் உள்ள அரசாங்கக் காட்சிச்சாலை 1851ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. பொதுமக்கள் அதனை நெடுங்காலம் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குகளை உயிரோடு வைத்துக் காட்டிய இடத்தை 'உயிர் காலேஜ்' என்றும் வழங்கி வந்தனர். தோலுரித்துப் பஞ்சடைத்த விலங்குகளைக் கண்டு இட்ட பெயரே அதுவெனினும், அதே வளாகத்தில் எழுந்தருளியிருக்கும் நடராசப்பெருமான் திருவுருவங்களையும் அப்பெயர் தன்னுள் அடக்கிக்கொண்டது. கல்லாதார் வழக்கென்று நகைத்து விடுதற்கில்லை. கற்றார் எழுதிய விளக்கச் சீட்டுகள் பலவற்றினும் அவ்விரண்டு சொற்கள் உண்மையை அணுகி நிற்கின்றன.

இனி, இப்பொருளை ஆராய்தற்கு நம் நாட்டுத் திருவுருவங்களினின்று தொடங்காது, கடல் கடந்த ஒரு குடியினர் செய்தியினின்று தொடங்குவாம். நம்முடையதென்னும் பற்று இடையே புகுந்து வழக்கைச் சாய்த்துவிடாமைப்பொருட்டு இங்ஙனம் செய்கின்றாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் மேற்குப் பகுதியில் ஜூனி என்னும் தொல்குடியினர் வாழ்கின்றனர். அவர் தம்மை அஷிவி எனப் பெயர் கூறிக்கொள்வர். அவர் வழிபடும் தெய்வங்களுள் அஹாயூதா என்னும் இரட்டையர் காவற்றெய்வங்கள். ஆண்டுதோறும் பனிக்காலத்தில், கதிரவன் தென்றிசைச் செலவு முடித்து வடக்கே திரும்பும் நாளையொட்டி, மான் குலத்தார் மூத்தவன் உருவையும் கரடிக் குலத்தார் இளையவன் உருவையும் மரத்திற் செதுக்குவர். முறைப்படி சடங்குகள் இயற்றியபின், ஊரைச் சூழ்ந்த மேட்டுநிலங்களில் திறந்த வெளியாயுள்ள தலங்களில் அவற்றை நிறுவுவர். காற்றும் மழையும் வெயிலும் அவ்வுருவங்களின்மேற் படவேண்டும். புதியது வந்தவுடன் முன்னையது அங்கேயே பழைய உருவங்களின் குவியலிற் சேர்க்கப்படும். அங்ஙனம் சேர்க்கப்பட்டது கழித்தெறியப்பட்டதன்று. ஆண்டிருந்தும் அது காவல் புரிந்துகொண்டே மெல்ல மெல்ல மட்கி மண்ணோடு மண்ணாகும். மட்கி மறைதலே அதன் தொழிலின் நிறைவு. இவ்வுருவங்கள் ஊர்ப்பொது. ஒருவர் தனித்து நின்று விற்கவோ கொடுக்கவோ உரிமையில்லை. ஆகலின், தன் தலத்தினின்று நீங்கிய உருவம் உலகில் எங்குக் காணப்படினும் அது களவுபோனதே என்பது ஜூனிப் பெரியோர் துணிபு. அவை இடம்பெயர்க்கப்பட்டால் அவற்றின் ஆற்றல் கட்டுப்பாடின்றிப் போரும் நிலநடுக்கமும் தீயுமாக உலகுக்குத் துன்பம் விளைக்கும் என்றும் அவர் கூறுவர்.

1879ஆம் ஆண்டு ஸ்மித்ஸோனியன் நிலையத்தின் சார்பில் ஆராய்ச்சிக் குழுவினர் அவ்வூருக்குச் சென்றனர். அக்குழுவில் வந்த கஷிங் என்பார் ஆண்டுகள் சில அங்கேயே தங்கி அவர் மொழியையும் ஒழுக்கத்தையும் கற்றார். அக்காலந்தொட்டு ஆராய்ச்சியாளரும், பொருள் தொகுப்போரும், வணிகரும் தலங்களிலிருந்து உருவங்களை எடுத்துச் சென்றனர். அவை ஊர் ஊராகக் காட்சிச்சாலைகளின் கண்ணாடிப் பேழைகளுள் நின்றன. சில செல்வர் இல்லங்களில் அழகுப் பொருள்களாயின. நூறாண்டளவும் கேளாதிருந்த ஜூனியினர் 1978இல் கேட்கத் தொடங்கினர். அவ்வாண்டிலேயே நியூயார்க்கு நகரில் ஏலத்திற்கு வந்த ஓர் உருவம் ஏலத்தினின்று விலக்கப்பட்டது. டென்வர் கலைக் காட்சிச்சாலை 1980இலும், ஸ்மித்ஸோனியன் 1987இலும் தம்மிடம் இருந்தவற்றைத் திருப்பியளித்தன. தொல்குடியினரின் எலும்புகளையும் புனிதப் பொருள்களையும் திருப்பித் தரவேண்டும் என்னும் அமெரிக்கச் சட்டம் 1990இலேதான் பிறந்தது. அதன்முன்னரே பல திரும்பிவிட்டன. 1992 அளவில் 69 உருவங்கள் ஊர் வந்து சேர்ந்தன. இத்துணையும் வழக்குமன்றம் புகாது, பொறுமையாகப் பேசியே பெற்றனர் என்பது கருதத்தக்கது.

ஈண்டுக் காட்சிச்சாலைப் பக்கத்தார் ஒரு தடை எழுப்புவர். 'யாம் நூறாண்டு பூச்சியரியாமலும் ஈரம் புகாமலும் காத்த அரும்பொருளைத் திறந்த வெளியில் வைத்து மட்கவிடுதற்கோ திருப்பித் தருவது? இஃது அறிவை அழிப்பதன்றோ?' என்பர். இத்தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. ஒரு பொருளைக் காத்தலையே வாழ்நாட்டொழிலாகக் கொண்டார்க்கு இது மெய்யாகவே நெஞ்சைச் சுடும் கேள்வி.

யாம் அவரை ஒன்று வினவுவோம். சென்ற ஆண்டின் உருவம் மட்காது என்றென்றும் நிற்குமாயின் இவ்வாண்டு புதிய உருவம் எற்றுக்கு? இன்ன மரம் தக்கதென்று தேர்ந்தறிவார், இன்ன அளவிற் செதுக்க வேண்டும் என்பதைத் தந்தையின் அருகிருந்து கற்றார், செதுக்குங்கால் செய்யத்தகும் நோன்பும் வேண்டுதலும் அறிந்தார் என இவரெல்லாம் அக்குடியில் இன்றுங் காணப்படுவது எதனால்? உருவம் மட்குதலால் அன்றோ? மட்குவதால் ஆண்டுதோறும் செய்யவேண்டியிருக்கின்றது. செய்வதால் செய்யுங்கை அழியாதிருக்கின்றது. காட்சிச்சாலையிற் காக்கப்படுவது மரம். ஜூனியர் காப்பது தச்சும் நோன்பும் தொடர்ச்சியும். இரண்டனுள் எது அறிவைக் காத்தல் என்று நடுவுநிலையாளர் கூறுக.

சைவர்க்கு இது விளங்காத பொருளன்று. மணலாலும், மாவாலும், சந்தனத்தாலும், மலராலும் இலிங்கத் திருமேனி அமைத்து, ஆவாகித்துப் பூசித்து, பூசை முடிவில் உத்வாசனஞ் செய்து விடுதற்குரிய க்ஷணிகலிங்கம் நம் ஆகமங்களில் விதிக்கப்பட்டுள்ளது. அம்மணலைப் பேழையிலிட்டுக் காப்பேன் என்று ஒருவன் எடுத்துச் சென்றால் அவன் கொண்டுபோவது மணலேயாம். சிதைந்த திருமேனிகளுக்குச் சீரணோத்தாரணம் கூறுமிடத்தும், அவற்றின்கண் உள்ள சாந்நித்தியத்தைக் கும்பத்தில் ஏற்றியபின், மரத்தாலாயதை எரியிலும், கல்லாலாயதை ஆழ்ந்த நீரிலும் விடுக என்றும், உலோகத்தை உருக்குக என்றும் விதி காண்கின்றோம். நம் நாட்டுப்புறங்களில் ஐயனார்க்கு வேளார் சுட்டுக் கொடுக்கும் மண்குதிரைகளையும் நோக்குக. குதிரையெடுப்புத் திருவிழாவிற் புதியன வர, பழையன அத்தோப்பிலேயே கால் ஒடிந்து, செவி தேய்ந்து, கொடி படர்ந்து மண்ணாகின்றன. அவற்றை யாரும் ஒட்டவைப்பதில்லை. அடுத்த குதிரையை வனையத் தெரிந்த வேளார் இருக்கின்றார் என்னும் துணிவே அதற்குக் காரணம்.

அற்றேல், ஜூனியர் வழிபடுவது சிவபரம்பொருளையோ, மரத்தைத் தெய்வமென்னும் மயக்கத்திற்கு நாம் பரிந்து பேசுதல் தகுமோ என்று நம்மவருள்ளேயே வினவுவார் உளர். யாவர் எவ்வடிவை வைத்து வழிபடினும் அவ்வடிவில் நின்று பயனளிப்பவன் அம்மையப்பனே எனச் சிவஞான சித்தியார் சுபக்கம் தெளிவுறுத்திய பின்னர் இவ்வினாவுக்கு இடமில்லை. அன்றியும், மரத்தை மரமென்றே காண்பவர் காட்சிச்சாலையார். அதன்கண் தெய்வத்தைக் காண்பவர் ஜூனியர். சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தைப் பாடங்கேட்டவர் இவ்விருவருள் யார் பக்கம் நிற்பர்? எங்கும் நிறைந்த இறைவன் ஏனையிடங்களில் பாலில் நெய்போல் மறைந்தும், ஆலயத்திலும் அடியார் திருவேடத்திலும் தயிரில் நெய்போல் விளங்கியும் நிற்பன் என்றது அந்நூலின் உரைநெறி. பாலைக் காய்ச்சித் தயிராக்கும் செயலை நீக்கிவிட்டுக் கலத்தை மட்டும் காப்பது என்ன காப்பு?

காக்குமிடத்தை முன்னிட்டுத் தெய்வத்தைப் பிணைவைக்கும் விந்தையும் நடந்ததுண்டு. கனடா நாட்டுப் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வாழும் ஹைஸ்லா குடியினரின் கம்பம் ஒன்று, 1872இற் செதுக்கப்பெற்றது, 1929இல் சுவீடன் நாட்டிற்குக் கொண்டுபோகப்பட்டது. உரியவர் அஃதிருக்குமிடம் அறிந்து 1990களின் தொடக்கத்தில் கேட்டனர். கம்பத்தை வைத்துக் காத்தற்கேற்ற கட்டடம் ஒன்று எழுப்பிக் காட்டுக என்பது சுவீடன் நாட்டார் விதித்த நிபந்தனை. நின்ற கம்பம் விழுந்தால் விழுந்தவிடத்தே மட்கவிடுதல் அக்குடியினரின் மரபு. பெயர்த்துக் கொண்டுபோன கம்பத்துக்கு ஈடாக, ஹைஸ்லாச் சிற்பிகள் புதிய கம்பம் ஒன்றைச் செதுக்கி அந்நாட்டாருக்கு அளித்தனர். பழையது 2006இலேயே வீடு திரும்பிற்று.

இனிக் காட்டும் முறையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நியூயார்க்கு நகரில் தொல்குடியினர் தெய்வங்களும் சடங்குப் பொருள்களும் 'இயற்கை வரலாறு' என்று பெயரிய சாலையில், பூதவிலங்குகளின் என்புகளும் பாடஞ்செய்த கரடிகளும் நிற்கும் கூரையின்கீழ் வைக்கப்பட்டன. கிரேக்கர் தெய்வங்களோ, பூங்காவுக்கு மறுபுறத்திலுள்ள கலைச்சாலையில் நிற்கின்றன. இவ்வகுப்புமுறையை வகுத்தவர் ஒரு சொல்லும் இழிவாகப் பேசவில்லை. இடவைப்பே பேசிவிடுகின்றது. நம் ஊர்ப் பாமரர் 'செத்த காலேஜ்' என்றதும் இதனையே.

நம் செப்புத் திருமேனிகள் கலைச்சாலைகளிலேயே நிற்கின்றன; மதிப்பாகவே வைக்கப்பட்டுள்ளன; விளக்கொளியும் நன்று. பிரெஞ்சு நாட்டுச் சிற்பி ரோதான், சென்னையிலுள்ள நடராசத் திருவுருவங்களின் நிழற்படங்களை மட்டுமே கண்டு 1913இல் எழுதிய வியப்புரை 1921இல் அச்சாயிற்று. நிழற்படமே அத்துணை செய்ததெனின் அத்திருவுருவின் ஆற்றலை என்னென்பது! ஆயினும் அவர் கண்டதும், இன்று காட்சிச்சாலை செல்வோர் காண்பதும் கோயிலில் நாம் ஒருபோதும் காணாத கோலம். அங்கே பட்டும், மாலையும், சந்தனமும், திருவாபரணமும் மூடியிருக்க, திருமுகமும் அபயகரமும் எடுத்த பொற்பாதமுமே அடியார் கண்ணுக்குப் புலனாவன. அபிடேக காலத்தே சிறிது பொழுது காண்பதைக் காட்சிச்சாலை எப்பொழுதும் காட்டுகின்றது. பீடத்தின் பக்கங்களில் உள்ள வளையங்களையும் துளைகளையும் பார்ப்பவர், அவை தண்டுகளைச் செருகித் தோளில் ஏற்றி வீதியுலாக் கொண்டுசெல்லுதற்கு அமைந்தன என்றறிதற்கு வழியின்றி நகர்கின்றனர். பெருமான் நம் தெருவுக்கு எழுந்தருள்வதற்கே வார்க்கப்பட்ட திருமேனி அது. காண்போர் நடந்து செல்லத் திருமேனி அசையாது நிற்கின்றது. 'செம்பு, பதினொன்றாம் நூற்றாண்டு' என்னும் சீட்டிற் பொய்யில்லை. திருக்கலியாணப் பந்தலில் நிற்கும் மணமகனைப் 'பருத்தி வேட்டி, ஐந்தரை அடி' என்று எழுதினாலும் பொய்யில்லைதான்!

யாவரும் யாவற்றையும் காணலாம் என்பது காட்சிச்சாலையின் அடிப்படைக் கொள்கை. ஜூனியர் இதனையும் மறுக்கின்றனர். அவர் சமயத்தில் அறிவு பகுத்தளிக்கப்பட்டது. சடங்கினால் தகுதியெய்தியவர்க்கே சிலவற்றைக் காணவும் கேட்கவும் உரிமையுண்டு. சமயம், விசேடம், நிருவாணம் என்னும் தீக்கை முறையை உடைய நமக்கு இது புதிதன்று. மடத்தில் யாம் பாடங்கேட்ட காலத்தும் இன்ன நூலின்பின் இன்ன நூல் என்னும் வரன்முறை கடக்கப்பட்டதில்லை. புனிதப்பொருளைக் காட்சிக்கு வைக்குமுன் உரிய குடியினரின் இசைவு பெறவேண்டும் என்னும் புதிய விதிகள் 2024 சனவரியில் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தன. அவ்வளவில் மேற்கூறிய நியூயார்க்குச் சாலை இரண்டு மண்டபங்களை மூடிற்று. சிகாகோவிலுள்ள ஃபீல்டு சாலை சில பேழைகளைத் துணியிட்டு மறைத்தது.

இவ்விடத்தே நம்மவர் மகிழ்ந்து கைகொட்டிவிடலாகாது. அதிகாரபேதம் என்பது பக்குவம்பற்றி வருவது. பிறப்புப்பற்றி வருவதாக அதனைத் திரித்து, தலைமுறை தலைமுறையாக அடியார் கூட்டத்தைக் கோபுரவாயிற்கு வெளியே நிறுத்தினோம். மதுரைத் திருக்கோயிலின் கதவு 1939இலேதான் அவர்க்குத் திறந்தது. அதற்கு முன்னே, எழும்பூர்க் காட்சிச்சாலையுட் சென்று நடராசப்பெருமான் திருவுருவைக் கண்ணாரக் காண அவர்க்குத் தடையிருந்ததில்லை. நந்தனார் சரிதத்தை ஓதும் நாம் தடுத்தோம்; பெருமானைச் செம்பென்று எழுதிவைத்தவர் தடுத்திலர். காட்சிச்சாலையைக் குறைகூறப் புகும் சைவர் எவரும் இதனை மறைத்துப் பேசுதல் அறமன்று.

தொல்குடியினர் செய்பொருள் எல்லாம் காட்சிக்கு ஆகாதன என்பதும் எம் கருத்தன்று. ஜூனியர் வனையும் மட்கலங்களும், கல்லிழைத்த வெள்ளியணிகளும் கண்டார்க்கு விற்பதற்கென்றே செய்யப்படுவனவும் ஆம். அவற்றை எந்நாட்டுப் பேழையில் வைத்தாலும் அவர்க்கு வருத்தமில்லை. 1992இல் அவரே தம் ஊரில் தமக்கென ஒரு காட்சிச்சாலை அமைத்துக்கொண்டனர். எது காட்டத்தக்கது, எது காட்டத்தகாதது என்பதை உடையவரே வரையறுக்கின்றனர். பிறர் அதனைக் கேட்டறிந்து செய்யின் வழக்கில்லை.

இனி நம் பக்கம் திரும்புவோம். தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராசத் திருமேனி கைமாறி இலண்டன் சேர்ந்தது. வழக்காடி, கோயிலே தன் பொருளைக் கேட்டற்குரியது என்பதை ஆங்கில நீதிமன்றமும் ஏற்க, 1991இல் மீட்கப்பட்டது. அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் நடராசப்பெருமானை ஆஸ்திரேலிய நாட்டுக் கலைச்சாலை 2008இல் ஏறத்தாழ 50 இலட்சம் டாலர் கொடுத்து வாங்கிற்று. களவு மெய்ப்பிக்கப்பட்டபின் 2014இல் திருப்பியளித்தது. செய்தித்தாள்கள் கொண்டாடின. நாமும் கொண்டாடினோம்.

ஆனால் சிறீபுரந்தானில் நடந்தது யாது? பூசை நின்று பூட்டிக்கிடந்த கோயில் அது. களவு நிகழ்ந்தது 2006இல். களவுபோயிற்று என்று ஊரறிந்தது 2008இல். இடைப்பட்ட காலமெல்லாம் ஒரு கால விளக்கேற்றவும் கதவு திறக்கப்பட்டதில்லை என்பது இதனாற் பெறப்படும். ஆஸ்திரேலியர் தம் பேழையைத் துடைக்கவாவது நாடோறும் ஒருவரை அமர்த்தியிருந்திருப்பர். கள்வன் கைவைக்குமுன்னரே பெருமானைக் காட்சிப்பொருளினும் கீழாக வைத்துவிட்டவர் யாவர்? சைவரென்று பெயர்கொண்ட நாமே. இதனை எழுதக் கை கூசுகின்றது. எழுதாதொழியின் ஜூனியரைப் பற்றி எழுதியதெல்லாம் வெற்றுரையாம்.

மீண்டு வந்த திருமேனிகளும், கள்வர்க்கஞ்சிச் சிற்றூர்க் கோயில்களிலிருந்து எடுக்கப்பட்டனவும் ஆயிரக்கணக்கில் திருவாரூர் முதலிய இடங்களிலுள்ள பாதுகாப்பு நிலையங்களில் அடைக்கப்பெற்றன. திருவிழாவுக்கு மட்டும் ஊருக்கு எழுந்தருளச் செய்து மீளக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழக்கமும் உண்டு. அச்சம் பொய்யன்று, இரும்புக்கதவின் இன்றியமையாமையை யாம் மறுக்கவில்லை. ஆனால் அயல்நாட்டார் பேழையைக் கண்டித்தவர் நம் இரும்பறையைக் கண்டு அமைதியுறுவது எந்நியாயம்பற்றி? அங்கே காண்பாராவது உளர். ஓர் ஊரில் பத்துக் குடும்பம் முறைவைத்து இரவிற் காவலிருக்கவும், ஒருகாலப் பூசைக்கு அரிசி அளக்கவும் முன்வருமாயின் அவ்வூர்த் திருமேனி இரும்பறையில் இருக்கவேண்டுவதில்லை. ஊரார் இதனைச் செய்யட்டும் என்று அரசும், அரசு செய்யட்டும் என்று ஊராரும், இருவரும் செய்யட்டும் என்று மடங்களும் இருக்கின்றன.

ஜூனியர்க்கும் கள்வர் அச்சம் இருந்தது. திருப்பித் தருவோர் அதனைத்தான் முதலிற் கேட்டனர். அவ்வூரார், மீண்டு வந்த உருவங்களுக்கென மதிலும் கம்பியும் சூழ்ந்த வலிய காப்பிடம் ஒன்று கட்டினர். கூரை மட்டும் வேயவில்லை. நூறாண்டு கண்ணாடிக்குள் நின்ற உருவங்களின்மேல் ஆண்டு மழை பெய்கின்றது.